கட்சி வேட்பாளர் இழுபறி பற்றிய ஆங்கிலச் செய்தியைப் புரியவைப்பது எப்படி: உடனிருந்து கற்பிப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் பழகுகின்ற ஒருவருக்கு விளையாட்டுச் செய்தியையோ விபத்துச் செய்தியையோ கொடுத்தால், பத்துச் சொற்கள் தெரியாவிட்டாலும் அவர் கதையைப் பிடித்துக்கொள்வார். ஒரு கட்சிக்குள் வேட்பாளர் யார் என்பதில் இழுபறி நடக்கும்போது வெளிவரும் செய்தி அவ்வளவு எளிதில் பிடிபடாது. அதிலுள்ள சொற்களில் பெரும்பாலானவை அவருக்குத் தெரிந்தவையாகவே இருக்கும். ஆனால் நடந்து முடிந்தது எது, நடக்கும் என்று ஒருவர் சொல்வது எது, நடக்கவிடமாட்டோம் என்று இன்னொருவர் மிரட்டுவது எது என்பவை ஒரே பந்திக்குள் பின்னிக் கிடக்கும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடக்கும் மாலை வகுப்புகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது இதைத்தான்: மாணவர் கட்டுரையைத் தடங்கலின்றி வாசிப்பார், அகராதியையும் புரட்டியிருப்பார், முடிவில் "அப்படியென்றால் அவர்தான் வேட்பாளர்" என்று சொல்லிவிடுவார். கட்டுரை அப்படி எங்கும் சொல்லியிராது.

ஆகவே இந்த வழிகாட்டி சொற்பட்டியலில் தொடங்கவில்லை. தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கா, உயர்தர மாணவருக்குப் பொது ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், அலுவலகத்தில் நண்பருக்கு உதவுகின்ற ஒருவர் என யாராக இருந்தாலும், கீழுள்ள ஒழுங்கிலேயே செல்லுங்கள். ஒரு கட்டுரையை ஒரே இருப்பில் முடிக்க வேண்டிய தேவையில்லை.

முதற்படி: தீர்மானிப்பவர் யார் என்பதைத் தமிழில் சொல்லிவிடுங்கள்

ஆங்கில வகுப்பில் தமிழே பேசக்கூடாது என்ற கொள்கை இந்த இடத்தில் கேடு விளைவிக்கும். வேட்பாளரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் கட்சித் தலைவரிடமா, செயற்குழுவிடமா, பேராளர் மாநாட்டிடமா, சாதாரண வாக்காளரிடமா இருக்கிறது என்பது விளங்காதவருக்கு, ஆங்கிலத்தில் எத்தனை முறை விளக்கினாலும் செய்தி விளங்காது. கட்டுரையைக் கையில் கொடுப்பதற்கு முன்னர் மூன்று கேள்விகளுக்கான விடைகளைத் தமிழிலேயே பேசி முடியுங்கள்: இறுதி முடிவை எடுப்பவர் யார்? அந்த முடிவை நோக்கிய பாதையில் இன்று எந்தக் கட்டம்? முடிவு பிடிக்காதவருக்கு அடுத்து என்ன வழி இருக்கிறது?

மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இழுபறிச் செய்தியின் பாதி அதிலேயே இருக்கிறது. தனிக் கட்சி தொடங்குவது, சுயேச்சையாகக் களமிறங்குவது, நீதிமன்றம் செல்வது, விட்டுக்கொடுத்துப் பதவி ஒன்றைப் பெறுவது ஆகியவற்றில் எது சாத்தியம் என்று தெரிந்தவருக்கே, ஒரு தலைவர் மேடையில் சொல்லும் வார்த்தையின் கனம் புரியும்.

இரண்டாம் படி: சூடு தணிந்த உள்ளூர்ச் செய்தியில் பழக்குங்கள்

முதல் பயிற்சிக்கு அமெரிக்கச் செய்தியை எடுக்க வேண்டாம். இன்று நம் நாட்டில் கொதித்துக்கொண்டிருக்கும் செய்தியும் வேண்டாம், ஏனெனில் மாணவர் வாசிப்பதை விட்டுவிட்டு வாதாடத் தொடங்குவார். கற்பிப்பவரின் சொந்தச் சார்பும் தெரியாமலே விளக்கத்திற்குள் புகுந்துவிடும். எல்லோருக்கும் முடிவு தெரிந்த, சில ஆண்டுகள் கடந்துவிட்ட நிகழ்வே நல்லது. 2019ஆம் ஆண்டின் ஐக்கிய தேசியக் கட்சி விவகாரத்தை நான் பரிந்துரைப்பேன்.

அப்போதைய பிரதமரும் கட்சித் தலைவருமான ரணில் விக்கிரமசிங்க, பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச, சபாநாயகர் கரு ஜயசூரிய ஆகியோரின் பெயர்கள் சனாதிபதி வேட்பாளர் பேச்சில் பல வாரங்களாக அடிபட்டன. 2019 செப்டெம்பர் 26ஆம் திகதி கட்சியின் செயற்குழு சஜித் பிரேமதாசவை வேட்பாளராக ஏற்றுக்கொண்டது. ஒக்டோபர் 7ஆம் திகதி வேட்புமனுக்கள் கையளிக்கப்பட்டன. அவர் யானைச் சின்னத்தில் அல்லாமல், புதிய ஜனநாயக முன்னணியின் அன்னச் சின்னத்தில் போட்டியிட்டார். நவம்பர் 16ஆம் திகதி வாக்களிப்பு நடந்து, கோட்டாபய ராஜபக்ச வெற்றி பெற்றார். 2020இல் சஜித் பிரேமதாச தலைமையில் ஐக்கிய மக்கள் சக்தி தனியாகப் பொதுத் தேர்தலைச் சந்தித்தது. முதற்படியின் மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை நம் ஊரில் கிடைக்காது.

இந்த நிகழ்வைத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளில் "நொமினேஷன்" என்ற சொல் இரண்டு வேறு செயல்களுக்கு வழங்கப்படுகிறது. கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்வது ஒன்று, அந்த வேட்பாளர் தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் மனுவைக் கையளிப்பது மற்றொன்று. 2019இல் இவ்விரண்டுக்கும் இடையில் 11 நாட்கள் இருந்தன. திகதியைப் பார்த்தவுடனேயே, கட்டுரை எந்தச் செயலைப் பேசுகிறது என்பதை மாணவர் தானாகப் பிரித்தறிவார்.

வீரகேசரி அல்லது தினக்குரலில் வந்த செய்தியையும், டெய்லி மிரர் போன்ற ஆங்கிலப் பத்திரிகையில் அதே நாளில் வந்த செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தமிழ்ச் செய்தியை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்புச் செயலியில் கட்டுரையை அப்படியே ஒட்டுவதைவிட இது பன்மடங்கு பயன் தரும். செயலி தருவது ஆங்கில வாக்கியத்தின் நிழல் மட்டுமே, தமிழ்ப் பத்திரிகையாளரோ அதே செய்தியைத் தமிழில் சிந்தித்து எழுதியிருப்பார்.

மூன்றாம் படி: தலைப்பை உடைத்துப் பாருங்கள்

ஆங்கிலத் தலைப்புக்குத் தனி இலக்கணம் இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதைப் பாடநூல் சொல்லித் தருவதில்லை. "பிரேமதாச நேம்ட் கென்டிடேட்" என்று ஒரு தலைப்பைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டால், "பிரேமதாச ஒரு வேட்பாளரைப் பெயரிட்டார்" என்ற விடை வரும். மாணவர் கற்ற இலக்கணத்தின்படி அது பிழையும் இல்லை. தலைப்பில் "வோஸ்" என்ற துணைவினை உதிர்ந்துபோனதால், செயப்பாட்டுவினை செய்வினைபோலத் தோன்றுகிறது. இதே தலைப்பில் உதிர்ந்த சொல்லை மாணவரே பேனையால் எழுதிச் சேர்க்கட்டும்.

மற்ற இரண்டு வழக்கங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவார்கள். நாளை நடக்கவிருப்பதை "டு" சேர்த்து எழுதுவார்கள், ஆகவே "பார்ட்டி டு டிசைட்" என்றால் கட்சி இனிமேல்தான் முடிவெடுக்கும். "பிட்", "ரோ", "ரிஃப்ட்", "ஸ்னப்" போன்ற குறுஞ்சொற்கள் இடம் மிச்சப்படுத்தவே தலைப்பில் வருகின்றன. முயற்சி, சச்சரவு, விரிசல், புறக்கணிப்பு என்று பொருள் சொல்லி நகருங்கள்.

"போல்" என்ற சொல்லில் மட்டும் நின்று செல்லுங்கள். கொழும்புப் பத்திரிகையில் அது பெரும்பாலும் தேர்தலையே குறிக்கும், அமெரிக்கப் பத்திரிகையில் பெரும்பாலும் கருத்துக்கணிப்பைக் குறிக்கும். கருத்துக்கணிப்பில் ஒருவர் முந்துகிறார் என்ற அமெரிக்கச் செய்தியைத் தேர்தலில் வென்றுவிட்டார் என்று நம் பிள்ளைகள் புரிந்துகொள்வது இதனால்தான்.

நான்காம் படி: ஒவ்வொரு வாக்கியமும் எவ்வளவு உறுதியானது என்று எடைபோடப் பழக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். வேட்பாளர் இழுபறி பற்றிய செய்தி பெரும்பாலும் உரிமைகோரல்களால் ஆனது. கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் எல்.பி.டபிள்யூ என்று கூவுவதும் நடுவர் விரலை உயர்த்துவதும் ஒன்றாகாது என்பது எந்தக் கொழும்புப் பிள்ளைக்கும் தெரியும். செய்தியில் கூவுவது எது, விரல் உயர்வது எது என்பதை வினைச்சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

பயிற்சிக்காக நானே அமைத்த நான்கு வாக்கியங்களைத் தருகிறேன். மாணவர் கொப்பியில் இவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

"த கொமிட்டி மெட் ஒன் டியூஸ்டே."
"த சேர்மன் இன்சிஸ்டட் தட் நோ டிசிஷன் ஹேட் பீன் டேக்கன்."
"த டெபியூட்டி லீடர் இஸ் எக்ஸ்பெக்டெட் டு பி நேம்ட் திஸ் வீக், சோர்ஸஸ் செட்."
"ஹிஸ் சப்போர்ட்டர்ஸ் வோர்ன்ட் தட் த பார்ட்டி வுட் ஸ்ப்ளிட் இஃப் ஹீ வோஸ் இக்னோர்ட்."

நடந்ததற்கு நீலப் பேனை, பெயர் சொல்லி ஒருவர் கூறியதற்குச் சிவப்புப் பேனை, எதிர்பார்ப்புக்கும் ஊகத்துக்கும் பென்சில் என்று வைத்துக்கொண்டு அடிக்கோடிடச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் முழுவதும் நீலம், செவ்வாய்க்கிழமை குழு கூடியது. இரண்டாவதில், தலைவர் வலியுறுத்தினார் என்பது மட்டுமே நடந்த நிகழ்வு. தீர்மானம் எதுவும் எடுக்கப்படவில்லை என்பதற்குத் தலைவரே பொறுப்பு, பத்திரிகை பொறுப்பேற்கவில்லை. "இன்சிஸ்டட்" என்ற வினை வந்தாலே, அதை யாரோ மறுக்கிறார்கள் அல்லது சந்தேகிக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

மூன்றாவது வாக்கியத்தில் நம் மொழி கைகொடுக்கிறது. தமிழில் ஒரு செய்தியைக் கேள்விப்பட்டதாக மட்டும் சொல்ல வேண்டுமானால் வினையின் ஈற்றில் "ஆம்" சேர்க்கிறோம். "பிரதித் தலைவரை இந்த வாரம் அறிவிப்பார்களாம்" என்று சொல்பவர் அதற்கு உறுதி தரவில்லை என்பது சிறு பிள்ளைக்கும் புரியும். ஆங்கிலத்தில் அந்த "ஆம்" செய்யும் வேலையை "சோர்ஸஸ் செட்", "ரிப்போர்ட்டட்லி", "இஸ் செட் டு" போன்ற தொடர்கள் செய்கின்றன. ஆகவே பென்சிலில் அடிக்கோடிட்ட ஒவ்வொரு வாக்கியத்தையும் "ஆம்" வைத்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இலக்கண விளக்கம் பத்து நிமிடத்தில் செய்யாததை இந்த ஒரு பழக்கம் உடனே செய்துவிடுகிறது, ஏனெனில் ஐயத்தின் அளவை உணரும் ஆற்றல் மாணவரிடம் ஏற்கெனவே தமிழில் இருக்கிறது.

நான்காவது வாக்கியம்தான் மிகவும் கடினமானது. "இக்னோர்ட்" என்ற இறந்தகால வடிவைக் கண்டதும், கட்சி பிளவுபட்டது, அவர் புறக்கணிக்கப்பட்டார் என்று மாணவர் முடிவு கட்டுவார். உண்மையில் இரண்டுமே நடக்கவில்லை. ஆதரவாளர்கள் எச்சரித்தார்கள் என்பது மாத்திரமே நடந்தது. புறக்கணித்தால் கட்சி பிளவுபடும் என்பது அவர்களின் எச்சரிக்கை. எச்சரித்தது கடந்துபோன ஒரு நாளில் என்பதால், ஆங்கிலம் "வில்" என்பதை "வுட்" என்று பின்னோக்கி நகர்த்துகிறது, "இஃப்" வாக்கியத்தின் வினையும் அதோடு நகர்கிறது. தமிழில் நேர்க்கூற்றாக மாற்றி, "'அவரைப் புறக்கணித்தால் கட்சி உடையும்' என்று எச்சரித்தார்கள்" என்று சொல்லவைத்தால் தெளிவு பிறக்கும்.

கூற்று வினைகளுக்குள்ளும் தரம் உண்டு. "செட்" என்பது சார்பற்றது. "கிளெய்ம்ட்" என்று எழுதும்போது, பத்திரிகை ஒதுங்கி நின்று, இது அவர் சொல்வது என்கிறது. "அட்மிட்டட்" என்று எழுதும்போது, அவர் ஒப்புக்கொண்ட விடயம் உண்மைதான் என்று பத்திரிகையே கருதுகிறது. ஒரே பேச்சை இரண்டு பத்திரிகைகள் இரு வேறு வினைகளால் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்துக் காட்டுவது உயர்தர மாணவர்களை மிகவும் ஈர்க்கும் பயிற்சி.

ஐந்தாம் படி: இனி அமெரிக்கச் செய்திக்குச் செல்லலாம்

உலகச் செய்திகளில் வேட்பாளர் இழுபறி என்றால் பெரும்பாலும் அமெரிக்க சனாதிபதித் தேர்தலையொட்டியே இருக்கும். முதற்படியின் கேள்விகளை இங்கே மறுபடி கேளுங்கள், விடைகள் முற்றிலும் மாறிவிடும். அங்கே மாநிலம் மாநிலமாகப் "பிரைமரி" எனப்படும் வாக்கெடுப்பும், சில இடங்களில் "கொகஸ்" எனப்படும் கட்சிக் கூட்டமும் நடக்கின்றன. அவற்றின் முடிவுகளுக்கேற்ப "டெலிகேட்" எனப்படும் பேராளர்கள் ஒதுக்கப்பட்டு, அவர்கள் தேசிய மாநாட்டில் வாக்களித்து வேட்பாளரைத் தெரிவு செய்கிறார்கள். வாக்காளருக்கு முன்பெல்லாம் இவ்வளவு முக்கியத்துவம் இருந்ததில்லை. 1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி பிரைமரிகளில் போட்டியிடாமலே சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்பே விதிகளை மாற்றவைத்தது.

கற்பிப்பதற்கு, 2008ஆம் ஆண்டு ஜனநாயகக் கட்சிக்குள் நடந்த ஒபாமா – ஹிலரி கிளின்டன் போட்டியை எடுங்கள். மிச்சிகன், புளோரிடா ஆகிய இரு மாநிலங்கள் கட்சி விதித்த நாளுக்கு முன்னரே பிரைமரியை நடத்தியதால், அவற்றின் பேராளர்களைக் கட்சி செல்லாதென்றது. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இருக்கவில்லை, கிளின்டனின் பெயர் இருந்தது. மே 31ஆம் திகதி கட்சியின் விதிகள் குழு கூடி, இரு மாநிலப் பேராளர்களுக்கும் அரை வாக்கு வீதம் வழங்கியது. அதன் பின்னர் வெற்றிக்குத் தேவையான பேராளர் எண்ணிக்கை 2118 ஆனது. ஜூன் 3ஆம் திகதி ஒபாமா அந்த எண்ணிக்கையைக் கடந்தார்.

அந்த மாதங்களின் கட்டுரைகளை வாசிக்கும் மாணவர், ஒரே வாரத்தில் வெளிவந்த இரண்டு செய்திகளில் எண்கள் பொருந்தவில்லையே என்று குழம்புவார். எண்ணைக் கண்டவுடன் "எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள்?" என்று கேட்கப் பழக்குங்கள். பேராளர்களையா, வாக்காளர்களின் மொத்த வாக்குகளையா? மிச்சிகனைச் சேர்த்தா, சேர்க்காமலா? "சுப்பர்டெலிகேட்" எனப்படும் கட்சிப் பிரமுகர்களின் ஆதரவும் அதில் அடங்குமா? மொத்த வாக்குகளில் தாமே முன்னிலை என்று கிளின்டன் தரப்பு சொன்னதும், மற்றத் தரப்பு அதை மறுத்ததும் இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கொரு விடை கொடுத்ததனால்தான். சுப்பர்டெலிகேட்டுகள் பற்றிய விதி 2018இல் மாற்றப்பட்டு, போட்டி நிலவும்போது முதற்சுற்றில் அவர்கள் வாக்களிக்க முடியாதென்றாகிவிட்டது. பழைய கட்டுரையையும் புதிய கட்டுரையையும் கலந்து கொடுக்கும்போது இதை மறவாதீர்கள்.

எண்களோடு ஒட்டிய இன்னொரு சிக்கல், "மெஜோரிட்டி" என்பதும் "புளூரலிட்டி" என்பதும். முதலாவது பாதிக்கு மேல், இரண்டாவது மற்றவர்களைவிட அதிகம். 2020 பெப்ரவரியில் லாஸ் வேகாஸில் ஜனநாயகக் கட்சியின் போட்டியாளர்களிடையே நடந்த விவாதத்தில், பெரும்பான்மை இல்லாமல் முன்னிலையில் இருப்பவரையே வேட்பாளராக்க வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது, மேடையில் நின்றவர்களில் பேர்னி சாண்டர்ஸ் மட்டுமே ஆம் என்றார். இரண்டு சொற்களையும் ஒரே தமிழ்ச் சொல்லால் மொழிபெயர்த்தால் அந்த விவாதம் எதைப் பற்றியது என்பதே தெரியாமல் போய்விடும்.

"பிரெசம்ப்டிவ் நொமினி" என்ற தொடர், தேவையான பேராளர்களைப் பெற்றுவிட்டும் மாநாடு இன்னும் முறைப்படி தெரிவுசெய்யாத ஒருவரைக் குறிக்கும். 2024 மார்ச்சில் ஜோ பைடன் தேவையான எண்ணிக்கையை எட்டியிருந்தார், ஜூலை 21ஆம் திகதி போட்டியிலிருந்து விலகினார், ஓகஸ்ட் தொடக்கத்தில் பேராளர்களின் இணையவழி வாக்கெடுப்பில் கமலா ஹரிஸ் வேட்பாளரானார். "பிரெசம்ப்டிவ்" என்பதைப் பென்சிலால் அடிக்கோடிட வேண்டியதன் காரணத்தை விளக்க இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

"கொன்டெஸ்டட் கொன்வென்ஷன்" என்ற தொடரைக் கண்டு, மாநாட்டில் சண்டை நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மாநாடு கூடும்வரை எவருக்கும் பெரும்பான்மை கிடைக்காத நிலையையே அது குறிக்கிறது. 1924இல் நியூயோர்க்கில் ஜனநாயகக் கட்சி 103 சுற்று வாக்கெடுப்பு நடத்தி ஜோன் டேவிஸைத் தெரிவுசெய்தது. சனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யப் பல சுற்றுகள் தேவைப்பட்ட கடைசி மாநாடு 1952இல் நடந்தது. அதன் பின்னரும் பல போட்டிகளின்போது செய்தியாளர்கள் இந்தத் தொடரை எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதற்கு இரண்டாவது சுற்று தேவைப்படவேயில்லை. ஆகவே அதைக் கண்டாலும் பென்சில்தான்.

ஆறாம் படி: கேட்கவையுங்கள், பின்னர் பேசவையுங்கள்

காணொளிக்கு, 2008 ஓகஸ்ட் 27ஆம் திகதி டென்வர் மாநாட்டில் நடந்த மாநில வாரியான வாக்கெடுப்பைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொரு மாநிலமும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் பேசுவதால், மூன்றாவது மாநிலத்திலேயே காது பழகிவிடும். நியூ மெக்சிகோ தன் முறையை இலினோய்க்கு விட்டுக்கொடுத்தது, இலினோய் நியூயோர்க்குக்கு விட்டுக்கொடுத்தது. அங்கிருந்து ஹிலரி கிளின்டன் எழுந்து, விதிகளை இடைநிறுத்தி ஒபாமாவை ஏகமனதான குரல் ஒப்புதலால் தெரிவுசெய்யுமாறு பிரேரித்தார். அங்கே அவர் சொல்லும் "சஸ்பென்ட்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஜூன் 7ஆம் திகதி அவரே தமது பிரசாரத்தை "சஸ்பென்ட்" செய்வதாக அறிவித்ததை நினைவூட்டுங்கள். பாடசாலையில் ஒரு மாணவர் இடைநிறுத்தப்பட்டால் திரும்பி வருவார், ஆகவே கிளின்டனும் திரும்பி வருவார் என்று கற்பவர் எண்ணுவது இயல்பு. அமெரிக்கத் தேர்தல் வழக்கில் அது நடைமுறையில் விலகலே. ஆனால் பேராளர்களை உடனே கைவிடாமலும், தேர்தல் கடன்களைத் தீர்க்க நிதி திரட்டிக்கொண்டும் இருக்க அந்தச் சொல் இடமளிக்கிறது.

கேட்டு முடிந்ததும் ஐந்து வாக்கியங்களில் செய்தியை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்: ஒன்று நீலம், இரண்டு சிவப்பு, இரண்டு பென்சில். திருத்தும்போது "எ", "த" போன்றவற்றில் வரும் பிழைகளை முதல் நாளில் விட்டுவிடுங்கள். கூற்று வினை சரியா, உறுதியின் அளவு மாறிவிட்டதா என்பதை மட்டும் பாருங்கள். எதிர்பார்க்கப்படுகிறது என்பதை நடந்தது என்று சொல்லியிருந்தால், அதே வாக்கியத்தைத் தமிழில் "ஆம்" வைத்துச் சொல்லவைத்து, மறுபடி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள்.

மறுநாள் அதே விவகாரத்தின் அடுத்த செய்தி வெளிவரும். முதல் நாள் கொப்பியைத் திறந்து, பென்சிலால் அடிக்கோடிட்டவற்றில் எவை நீலமாக மாறின, எவை அழிக்கப்பட வேண்டியவை என்பதை மாணவரே பார்த்து எழுதட்டும். அழிக்கும் வாக்கியத்தின் பக்கத்தில் அதைச் சொன்னவர் யார் என்பதையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள், மூன்றாம் நாள் வாசிப்பைத் தொடங்க வேண்டியது அந்தப் பெயரிலிருந்துதான்.